அரிவாள் செல் நோய்: வலியோடு வார்டில் சேரும் பெரியவர்களுக்குச் சில விளக்கங்கள்

அரிவாள் செல் நோய் என்றால் நம் செய்தித்தாள்களில் வருவது பரிசோதனை முகாம் செய்திதான். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் தொடங்கிவைத்த தேசிய இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரின் ரத்தத்தைச் சோதிப்பதை இலக்காக வைத்தது. 2047க்குள் நோயை ஒழிப்பது திட்டம். அதில் சேர்ந்த 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நல்ல காரியம்தான். ஆனால், ஏற்கெனவே இந்த நோயோடு பிறந்து, பிள்ளைப் பருவத்தைத் தாண்டி, இன்று இருபத்தைந்திலும் நாற்பதிலும் இருப்பவர்கள் நள்ளிரவில் வலி தாங்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் அங்கே என்ன நடக்க வேண்டும் என்பது பற்றிப் பேச்சையே காணோம். நோயாளிகளுக்கும் துணைக்கு நிற்பவர்களுக்கும் அடிக்கடி எழும் சந்தேகங்களை இங்கே பார்ப்போம்.

முகாமில் ‘சிக்கிள் பாசிட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு நோய் இருக்கிறதா, இல்லையா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முகாமில் செய்யும் கரைதிறன் சோதனை, ரத்தத்தில் ‘எஸ்’ வகை ஹீமோகுளோபின் இருப்பதை மட்டும்தான் காட்டும், அளவைக் காட்டாது. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருந்தால் நீங்கள் அதைச் சுமப்பவர். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் வராது. இருவரிடமிருந்தும் வந்திருந்தால் நோய். ஒருவரிடமிருந்து எஸ் மரபணுவும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியா மரபணுவும் வந்தாலும் நோய்தான். எது என்று பிரித்துச் சொல்ல எச்.பி.எல்.சி. அல்லது எலெக்ட்ரோபோரசிஸ் சோதனை வேண்டும். அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அது தேவைப்படும்.

நோய் உள்ளவரின் சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறையும்போது விறைத்து வளைந்துபோகின்றன. சிறு ரத்தக்குழாய்களை அடைக்கின்றன. சாதாரணச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். இவர்களுடையது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். அடைப்பு ஒரு பக்கம், ரத்தசோகை மறுபக்கம். மற்ற சிக்கல்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்தும்தான் கிளம்புகின்றன.

இது பழங்குடி மக்களுக்கு மட்டும் வரும் நோய்தானே?

இந்தியாவில் இது இருப்பதை முதலில் எழுதிவைத்தது நீலகிரியில்தான். 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்குள்ள மக்களிடம் ரத்தச் சோதனை செய்து வெளியிட்டார்கள். அதே ஆண்டில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது கண்டறியப்பட்டது. இன்றும் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பகுதிகளில் பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களிலும், எல்லை தாண்டினால் வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் இது அதிகம். 1990இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையைப் போன்ற இடங்களில் இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்க்கிறார்கள்.

ஆனால் ‘மட்டும்’ என்பது தவறு. மலேரியா பல தலைமுறை ஆட்டிவைத்த நிலப்பகுதிகளில் எல்லாம் இந்த மரபணு தங்கிவிட்டது. சுமப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைத்ததே காரணம். ஒடிசா, சத்தீஸ்கர், விதர்பா பகுதிகளில் பழங்குடி அல்லாத பல சமூகத்தாரிடமும் இது பரவலாக உண்டு. அந்த ஊர்களிலிருந்து வந்து திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சென்னைக் கட்டட வேலையிலும் இருக்கிற இளைஞர்கள் எத்தனையோ பேர். கை கால் எலும்பெல்லாம் வலிக்கிறது என்று ஒருவர் வந்து, கண் லேசாக மஞ்சளாகவும் இருந்தால், நீலகிரிக்காரரா என்று பார்த்துவிட்டு விடாமல், எந்த ஊர், வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்பது டாக்டரின் முதல் வேலை.

இந்தியாவில் வருவது லேசான வகை என்கிறார்களே?

பாதி உண்மை. நம்மூர் நோயாளிகள் பலருக்குச் சிசுப் பருவ ஹீமோகுளோபின், அதாவது ‘எஃப்’ வகை, பெரியவரான பிறகும் கூடுதலாக இருக்கிறது. அது அணுக்கள் வளைவதைத் தடுக்கும். அதனால் சிலருக்கு இருபது வயதுவரை நோய் இருப்பதே தெரிவதில்லை. ஆனால் அதே வகை நோயோடு மாதம் ஒருமுறை வார்டில் படுப்பவர்களும் இருக்கிறார்கள். ‘லேசானது’ என்ற பேச்சு ஒட்டுமொத்தக் கணக்கில் சரியாக இருக்கலாம். எதிரே கட்டிலில் துடிப்பவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

ரத்தச் சோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. ஆனால் நோயாளி வலியில் கத்துகிறார். நடிக்கிறாரோ?

இந்தச் சந்தேகத்தைத் துணைக்கு வந்தவரும் கேட்கிறார். சில நேரம் பணியில் இருக்கும் நர்ஸும் டாக்டரும் கேட்கிறார்கள். நேரடியாகச் சொல்லிவிடலாம்: அரிவாள் செல் வலி வந்திருக்கிறதா, எவ்வளவு என்று அளந்து காட்டும் சோதனை உலகில் எங்கும் கிடையாது. ஹீமோகுளோபின் வழக்கம்போலவே இருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு சரியாகத் தெரியும். ஈ.எஸ்.ஆர். பார்த்தால் குறைவாகக்கூட வரும். வளைந்த அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காக உட்காராததே காரணம். எலும்பு மஜ்ஜைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு அங்குள்ள திசு செத்துப்போகும்போது வருகிற வலி இது. நோயாளி சொல்வதுதான் சாட்சி. வலியோடு பல ஆண்டு வாழ்ந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டோ பேசிக்கொண்டோ இருப்பார்கள். வலி இல்லை என்று அதற்குப் பொருளில்லை.

எவ்வளவு நேரத்தில் மருந்து தர வேண்டும் என்பதில் வெளிநாட்டு வழிகாட்டுதல்கள் தெளிவாக இருக்கின்றன. 2012இல் வந்த பிரிட்டன் வழிகாட்டுதல், ஆஸ்பத்திரிக்குள் வந்த 30 நிமிடத்துக்குள் வலி மருந்து என்கிறது. 2020இல் அமெரிக்க ரத்தவியல் சங்கம் ஒரு மணி நேரம் என்றது. அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணிக்கு ஒருமுறை வலி குறைந்ததா என்று பார்த்து, குறையாவிட்டால் மறுபடி தர வேண்டும். எழுதிவைத்த நாடுகளிலும் அப்படியே நடந்துவிடுவதில்லை. 2021இல் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள நோயாளிகளின் பேச்சை வார்டுகளில் காதில் வாங்குவதில்லை என்பதைப் பக்கம் பக்கமாகச் சொன்னது. நம் ஊரில் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்ப்பதற்குள் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். சீட்டு கொடுக்கும் இடத்திலேயே ‘அரிவாள் செல் நோயாளி, வலி’ என்று சொல்லுங்கள். பிரசவ வலியோடு வந்தவரை வரிசையில் நிறுத்துவோமா?

மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று பயமாக இருக்கிறதே?

கடும் வலிக்கு, சரியான அளவில், கண்காணிப்போடு தருகிற மார்ஃபினால் அடிமையாகிறவர்கள் குறைவு. வலி மருந்து கிடைக்காமல் கெஞ்சுகிறவரை ‘பழகிப்போனவர்’ என்று முத்திரை குத்துவது அதைவிட அதிகம் நடக்கிறது. 2014இல் போதைப் பொருள் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கிவைக்கும் நடைமுறை எளிதாக்கப்பட்டது. அதன் பிறகும் பல சிறிய ஆஸ்பத்திரிகளில் அலமாரியில் இருப்பது பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், டிரமடால் மட்டுமே.

இந்த வலிக்குப் போடப்படும் மூன்று மருந்துகளைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. டைக்ளோஃபெனாக் ஊசி வலியைக் குறைக்கும். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதான பெரியவருக்கு அதைத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது. பெத்திடின் இந்த நோயில் ஒதுக்கப்பட்டுவிட்ட மருந்து. அதன் கழிவு உடலில் தேங்கி வலிப்பைக் கொண்டுவரலாம். மூன்றாவது ஸ்டீராய்டு. வலிக்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டால் அன்று நன்றாக இருக்கும், நிறுத்திய இரண்டொரு நாளில் வலி இன்னும் மோசமாகத் திரும்பி வரும். வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ‘ஒரே ஊசியில் வலி போயிற்று’ என்றால் அது என்ன ஊசி என்று கேட்டு வையுங்கள்.

வலி குறைந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். ஏன்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படித்தால் போதும். வலிக்காக வந்த பெரியவருக்கு ஆபத்து பெரும்பாலும் வலியோடு வருவதில்லை; இரண்டாம் நாள், மூன்றாம் நாள் நெஞ்சில் வருகிறது. காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், எக்ஸ்ரேயில் முந்தைய நாள் இல்லாத வெள்ளைத் திட்டு. மருத்துவர்கள் இதைத் திடீர் மார்பு நோய்க்கூட்டு என்கிறார்கள். பார்ப்பதற்கு நிமோனியா போல இருக்கும். சில சமயம் உள்ளே நிமோனியாவும் இருக்கும்.

2000இல் அமெரிக்காவின் 30 மையங்களில் நடந்த ஆய்வு ஒன்றில் இப்படி வந்த 671 நிகழ்வுகளைப் பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் வேறு காரணத்துக்காக, பெரும்பாலும் வலிக்காக, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள். சேர்ந்து சராசரியாக இரண்டரை நாளில் நெஞ்சுக் கோளாறு தெரிந்தது. 13 சதவீதத்தினருக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது. 20 வயதைக் கடந்தவர்களுக்குக் குழந்தைகளைவிட நோய் கடுமையாக இருந்தது.

ஏன் வருகிறது? கிருமித் தொற்று ஒரு காரணம். எலும்பு மஜ்ஜை செத்துக் கரையும்போது அதிலுள்ள கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய் அடைப்பது இன்னொன்று. தொடையிலும் முதுகிலும் கடும் வலி இருந்தவருக்கு இதனால்தான் பிறகு நெஞ்சு கெடுகிறது. மூன்றாவது காரணம் மிகச் சாதாரணமானது. விலா எலும்பு வலிக்கிறது என்று நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுகிறார். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்கிக் கிடக்கிறது. அங்கே ஆக்சிஜன் குறைய, அணுக்கள் வளைகின்றன. மார்ஃபின் தூக்கத்தில் மூச்சு இன்னும் குறைந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். வலியைச் சரியாக அடக்கினால் மூச்சு ஆழமாக வரும்; அளவு மீறினால் மூச்சு அடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் டாக்டரின் திறமை.

இதற்கு ஒரு மலிவான தடுப்பு உண்டு. ஆபரேஷன் முடிந்தவர்களுக்குத் தருகிற, மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் மூச்சுப் பயிற்சிக் கருவி. விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை இழுக்க வேண்டும். 1995இல் வெளியான ஆய்வில், நெஞ்சிலோ முதுகிலோ வலியோடு சேர்ந்த 8 முதல் 21 வயதுள்ளவர்களில், கருவியைப் பயன்படுத்திய 19 சேர்க்கைகளில் ஒன்றில் மட்டும்தான் நுரையீரல் சிக்கல் வந்தது; பயன்படுத்தாத 19 சேர்க்கைகளில் எட்டில் வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் சில நூறு ரூபாய்ப் பொருளுக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டியதில்லை. வார்டில் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். துணைக்கு இருப்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, இரண்டு மணிக்கு ஒருமுறை ‘இழு’ என்று சொல்வது.

அதோடு விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியைக் கவனியுங்கள். வழக்கமாக 97 காட்டியவருக்கு 93 காட்டினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். டிரிப்ஸ் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். உடலில் நீர் குறையக் கூடாது என்பது உண்மைதான். அதற்காகப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் நீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். வாயால் குடிக்க முடிந்தவர் குடிப்பதே மேல். படுத்தே கிடப்பவருக்குக் காலிலும் நுரையீரலிலும் ரத்தம் உறையும் அபாயம் இந்த நோயில் கூடுதல் என்பதால், பெரியவர்களுக்கு உறைவுத் தடுப்பு ஊசியும் போடுவார்கள். அது ஏன் என்று பயப்பட வேண்டாம்.

கூடலூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. கூடலூர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். நெஞ்சு கெட்ட நோயாளியை அங்கே மாற்றுவது என்றால் குளிரும் மெல்லிய காற்றுமான மலையேற்றம். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் ஓடுகிறதா, போர்வை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

ஹீமோகுளோபின் 7 தான் இருக்கிறது. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றச் சொன்னால் டாக்டர் மறுக்கிறார். நியாயமா?

பெரும்பாலும் நியாயம்தான். இந்த நோயாளிகள் பலர் 7, 8 என்ற அளவிலேயே ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறார்கள். அவர் நன்றாக இருக்கும்போது எவ்வளவு இருந்தது என்பதுதான் கேள்வி. 7லேயே இருப்பவருக்கு 7 குறைவில்லை. 9 இருந்தவருக்கு 7 என்றால் ஏதோ நடந்திருக்கிறது. வெறும் வலிக்கு ரத்தம் ஏற்றுவதில்லை. மார்பு நோய்க்கூட்டு, பக்கவாதம், மண்ணீரலில் திடீரென ரத்தம் தேங்குதல், அணு உற்பத்தி நின்றுபோதல், பெரிய ஆபரேஷன் போன்றவற்றுக்குத்தான்.

இப்படிக் கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. எஸ் வகை அணுக்கள் நிறைய இருக்கும்போது ஹீமோகுளோபினை 10க்கு மேல் ஏற்றினால் ரத்தம் கெட்டியாகி அடைப்பு கூடும். அதனால் ஆபத்தான நிலையில், பழைய ரத்தத்தை எடுத்துக்கொண்டே புது ரத்தம் ஏற்றும் மாற்றுமுறை தேவைப்படும். எஸ் வகையை 30 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது அதன் இலக்கு. இந்த வசதி பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் உண்டு.

இன்னொரு பயம் அதிகம் பேசப்படாதது. பலமுறை ரத்தம் ஏற்றியவர்களின் உடலில் பிறர் ரத்தத்துக்கு எதிரான பொருட்கள் உருவாகின்றன. அடுத்த முறை ஏற்றிய ரத்தம் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து உடைய ஆரம்பிக்கும்; சிறுநீர் கறுப்புக் காபிபோல் போகும்; வலி வரும்; ஹீமோகுளோபின் ஏற்றுவதற்கு முன் இருந்ததைவிடக் கீழே இறங்கும். ரத்தம் ஏற்றிய செய்தி தெரியாத டாக்டர், சோகை என்று எண்ணி இன்னும் ரத்தம் ஏற்றினால் நிலைமை கைமீறும். எந்தத் தேதியில், எந்த ஊரில் கடைசியாக ஏற்றினார்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ரத்த வங்கியிலும் இது அரிவாள் செல் நோயாளிக்கு என்று எழுதித் தர வேண்டும். ஏ, பி, ஓ பொருத்தத்தோடு ஆர்.எச். உட்பிரிவுகளும் கெல் வகையும் பொருந்துகிறதா என்று பார்த்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும்.

சோகைதானே, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடலாமா?

குறைபாடு இருப்பது சோதனையில் தெரிந்தால் மட்டும். இங்கே சோகை வருவது அணுக்கள் உடைவதால். இரும்பு உடலுக்குள்ளேயே தங்குகிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றுபவருக்கு ஏற்கெனவே இரும்பு அதிகம். ஃபோலிக் அமிலம் மட்டும் உள்ள மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

சாதாரணக் காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா?

101 டிகிரியைத் தாண்டினால் ஓடுங்கள். ரத்தத்திலுள்ள கிருமிகளை வடித்தெடுக்கும் மண்ணீரல் இவர்களுக்குச் சரியாக வேலை செய்யாது. நிமோகாக்கஸ் போன்ற கிருமி சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். அந்தக் கிருமிக்கும், மெனிஞ்சோகாக்கஸ், ஹெப்படைட்டிஸ் பி ஆகியவற்றுக்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும். சுமப்பவர்களை மலேரியாவிலிருந்து காக்கும் இதே மரபணு, நோய் உள்ளவரைக் காப்பதில்லை. அவருக்கு மலேரியா வந்தால் நிலைமை மோசமாகும்.

ஆப்பிரிக்க வம்சாவளி நோயாளிகளுக்குக் குழந்தைப் பருவத்திலேயே மண்ணீரல் சுருங்கி மறைந்துவிடுவது வழக்கம். நம்மூரில் பெரியவர்களுக்கும் அது வீங்கிய நிலையிலேயே இருப்பதைப் பார்க்கலாம். ஆகவே இடப்பக்க விலாவுக்குக் கீழே திடீரென வலியும் வீக்கமும் வந்து, முகம் வெளுத்து, தலை சுற்றினால், அது குழந்தைகளுக்கு வரும் சிக்கல் என்று ஒதுக்கக் கூடாது. ரத்தம் மொத்தமாக மண்ணீரலில் தேங்கியிருக்கலாம்.

வலி இல்லாத நாட்களில் டாக்டரைப் பார்ப்பது எதற்கு?

பெரியவர்களுக்கு உறுப்புகள் சத்தமில்லாமல் கெடுவதால். முதலில் சிறுநீரகம். இவர்களால் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாது. இரவில் பலமுறை எழுந்து போவார்கள், கோடையில் சீக்கிரம் நீர் வற்றும். கிரியேட்டினின் சோதனை இவர்களுக்குப் பொய் சொல்லும். மற்றவர்களைவிடக் குறைவாகவே காட்டுவதால், ‘நார்மல்’ என்ற அறிக்கைக்குப் பின்னால் பழுது ஒளிந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம் பார்ப்பதே நம்பகமானது. சர்க்கரை நோயும் இருந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி. சோதனையை நம்பாதீர்கள். அணுக்களே இருபது நாள்தான் வாழும்போது மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வரும்?

அடுத்தது இடுப்பு. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் அது மெல்ல நொறுங்கும். நடக்கும்போது கவட்டில் வலி, கால் விந்தல் என்று தொடங்கும். இதை வழக்கமான வலி என்று பல மாதம் மாத்திரையில் ஓட்டுவார்கள். எக்ஸ்ரேயில் தெரியும்போது தலை சப்பையாகியிருக்கும். ஆரம்பத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்தால் பிடித்துவிடலாம். முற்றினால் முப்பது வயதிலேயே செயற்கை மூட்டு வைக்க வேண்டி வரும். கூலி வேலை செய்பவருக்கு இது பிழைப்பையே பறிக்கும் சிக்கல்.

கண்ணில் விழித்திரையை ஆண்டுக்கு ஒருமுறை மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். படியேறினால் மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனால் எக்கோ எடுத்து நுரையீரல் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பார்கள். கணுக்காலில் ஆறாத புண், பித்தப்பைக் கல் இரண்டும் சகஜம். வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் என்றால் வயது இருபத்தைந்துதானே என்று யோசிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆண்கள் வெளியே சொல்லாத ஒன்று இருக்கிறது: ஆசையில்லாமலே வந்து, வலியோடு, தணியாமல் நிற்கும் ஆணுறுப்பு விறைப்பு. நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உள்ளிருக்கும் திசு செத்துப் பிறகு எப்போதும் விறைப்பே இல்லாமல் போகலாம். இது நோயின் ஒரு அறிகுறி. ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விடியும்வரை காத்திருக்காதீர்கள். டாக்டர்களும் கேட்டால்தான் சொல்வார்கள் என்பதை மனதில் வைத்து, தாங்களாகவே கேட்க வேண்டும்.

ஹைட்ராக்ஸியூரியா புற்றுநோய் மருந்தாமே?

சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் அதைத் தருவார்கள் என்பது உண்மை. கடைக்காரர் அதைச் சொன்னதும் பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய. இந்த நோயில் அது செய்வது வேறு. எஃப் வகை ஹீமோகுளோபினைக் கூட்டி அணுக்கள் வளைவதைக் குறைக்கிறது. 1995இல் வெளியான, 299 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் வலி நிகழ்வுகளும் மார்பு நோய்க்கூட்டும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. 1998இல் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. ஒடிசா நோயாளிகளிடம் குறைந்த அளவிலேயே நல்ல பலன் கிடைத்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைகின்றனவா என்று அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். நகம் கறுக்கலாம், அதனால் ஆபத்தில்லை. வலி வந்த பிறகு போடுகிற மாத்திரை இதுவல்ல. வலி இல்லாத நாளிலும் தினமும் போட வேண்டும். வார்டில் சேரும்போது வீட்டு மாத்திரைப் பட்டியலில் இதைச் சொல்ல மறந்து, பத்து நாள் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. ஆண்களுக்கு விந்தணு குறையலாம் என்பதால் குழந்தைக்குத் திட்டமிடும்போது முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நோயோடு கர்ப்பம் தரிக்கலாமா?

தரிக்கலாம், பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆனால் ரத்தக் கொதிப்பு, ரத்த உறைவு, குறைப்பிரசவம், கடைசி மாதங்களில் வலி எல்லாம் கூடுதல். ஹைட்ராக்ஸியூரியாவைக் கருத்தரிப்பதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். ரத்தம் பார்க்கிற, ஐ.சி.யு. உள்ள ஆஸ்பத்திரியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிரசவம் முடிந்த முதல் வாரமும் ஆபத்தான காலம்தான், அவசரப்பட்டு வீட்டுக்குப் போக வேண்டாம். கணவரின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். அவரும் சுமப்பவர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கணவன், மனைவி இருவருமே நோய் இல்லாத சுமப்பவர்களாக இருந்தால் நான்கில் ஒன்று.

மரபணுவைத் திருத்தி நோயை நிரந்தரமாகக் குணப்படுத்துவதாகச் செய்தி வந்ததே?

வந்தது, உண்மைதான். 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ‘காஸ்ஜெவி’ என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அனுமதி அளித்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் பல கோடி. உடன்பிறந்தவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தினால் மாற்றுச் சிகிச்சையும் குணம் தரும். வயது ஏற ஏற அபாயம் கூடும். எதிர்பார்ப்போடு வந்த வேறு மருந்துகளின் கதை வேறு: 2019இல் அனுமதி பெற்ற ‘வோக்செலோட்டர்’ மாத்திரையை, 2024 செப்டம்பரில் தயாரிப்பு நிறுவனமே உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்றைக்குக் கூடலூரிலோ தருமபுரியிலோ இருக்கும் ஒருவருக்குக் கைக்கெட்டுவது ஹைட்ராக்ஸியூரியாவும் தடுப்பூசியும் நல்ல வார்டு கவனிப்பும்தான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?

அமெரிக்காவில் 2010இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இந்த நோய்க்காகச் சேர்ந்து வீடு திரும்பியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் 30 நாளுக்குள் திரும்பவும் வந்து சேர்ந்தார்கள். 18 முதல் 30 வயதுக்காரர்கள்தான் அதில் மிக அதிகம். குழந்தை மருத்துவரை விட்டு வந்து, பெரியவர்களுக்கான டாக்டர் இன்னும் அமையாத வயது அது. எனவே அடுத்த வாரம் யாரை, எந்தக் கிழமை பார்க்க வேண்டும் என்பது சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘தேவைப்பட்டால் வரவும்’ என்பதை ஏற்காதீர்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அரிவாள் செல் நோயும் உண்டு. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இந்த டிஸ்சார்ஜ் சம்மரிகள் தேவை, ஒன்றையும் தொலைக்க வேண்டாம்.

கடைசியாக, நன்றாக இருக்கும் ஒரு நாளில் டாக்டரிடம் உட்கார்ந்து அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதி வாங்கி, பர்ஸில் ஒன்றும் போனில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். நோயின் வகை, வழக்கமான ஹீமோகுளோபின், வழக்கமான ஆக்சிஜன் அளவு, ரத்த வகையும் ஏற்கெனவே உருவான எதிர்ப்பொருட்களும், கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி, தினசரி மாத்திரைகள், ஒவ்வாத மருந்து, எந்த வலி மருந்து எந்த அளவில் கேட்கிறது. இரவு இரண்டு மணிக்கு, உங்களை அதற்கு முன் பார்த்தேயிராத ஒரு பயிற்சி மருத்துவர் முதலில் தேடப்போவது இந்தத் தகவல்களைத்தான்.